பிடிக்கத் தெரிந்த கைக்கு விடவும் தெரிய வேண்டும்

சார்ஜாவின் கடலோரக் கற்கட்டு ஒன்றில், விடுமுறைக்கு முந்திய ஓர் இரவிலே நாம் கண்ட காட்சி இது. எம்மவர் ஒருவர் தம் பத்து வயது மகனுடன் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். சாணை விடச் சற்றே நீளமான கலவாய்க் குஞ்சொன்று அகப்பட்டது. இந்நாட்டவர் 'ஹமூர்' எனப் போற்றும் மீனின் பிள்ளை அது. "அப்பா, இது சின்னன். திரும்ப விடுவமே?" என்று பையன் கேட்டான். தந்தையும் மறுக்கவில்லை. பகல் முழுவதும் வெயில் குடித்திருந்த சீமெந்துத் தரையில் மீனைக் கிடத்தி, காலால் அழுத்திப் பிடித்து, தொண்டையில் இறங்கியிருந்த தூண்டிலைக் குருதியோடு இழுத்தெடுத்தார். பிறகு வாலைப் பற்றி, இரண்டு ஆள் உயரத்திலிருந்து கடலை நோக்கி வீசினார். மீன் நீரில் விழுந்து, வயிறு மேலே தெரிய மிதந்து, அலையோடு ஒதுங்கிப் போயிற்று. "விட்டாச்சு" என்றார் தந்தை. பையன் நீரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்தத் தந்தையைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. அவர் நல்லதைச் செய்யவே எண்ணினார். செய்யும் வகை அவருக்குத் தெரியவில்லை. பெற்றோரும் ஊரும் கற்பித்திருக்க வேண்டிய ஒன்றை, இடம்பெயர்வும் முகாமும் கடவுச்சீட்டும் தின்றுவிட்ட ஆண்டுகளில் அவர் கற்காமற் போனார். அவரைப் போன்றோர் எம்மிடையே பலர். ஆகவே இது தனியொருவரைப் பற்றிய குறிப்பன்று; எம் எல்லோரையும் பற்றியது.

கடல் இழந்த மக்கள்

வளைகுடா நாடுகளில் வாழும் எம்மவர் அகதி என்ற பெயரோடு இங்கு வரவில்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் ஐக்கிய அரபு இராச்சியமோ, கட்டாரோ, குவைத்தோ, ஓமானோ, பஹ்ரேய்னோ, சவூதி அரேபியாவோ இணைந்ததில்லை. எனவே கடவுச்சீட்டில் நாம் தொழிலாளர், மனத்தில் அகதிகள். வல்வெட்டித்துறையிலும் பேசாலையிலும் முல்லைத்தீவிலும் திருகோணமலையிலும் கடலோடு பிறந்தவர்கள், பாதுகாப்பு வலயம் என்றும் மீன்பிடித் தடை என்றும் கரையிலிருந்து துரத்தப்பட்டு, கடைசியில் இன்னொரு நாட்டின் கரையில் வந்து நிற்கின்றோம். வேலை முடிந்த இரவுகளில் தங்கூசியும் ஈயக்குண்டும் எடுத்துக்கொண்டு கோர்னிஷ் பக்கம் போகிறவனுக்கு, அகப்படும் மீன் கறிக்கு மட்டும் உதவுவதில்லை. உப்புக்காற்று முகத்தில் படும் அந்த ஒன்றிரண்டு மணித்தியாலங்களே அவனுக்கு ஊர்.

இதனை நாம் நன்கு அறிவோம். ஆதலால் மீன் பிடிக்க வேண்டாம் என்று எவருக்கும் உபதேசிக்க வரவில்லை. பிடிப்பதை எவ்வாறு பிடிக்கின்றோம், கொல்வதை எவ்வாறு கொல்கின்றோம், விடுவதை எவ்வாறு விடுகின்றோம் என்பதே கேள்வி. கற்கட்டில் நின்று இதனைப் பேசியபோது எமக்கு மூன்று பதில்கள் கிடைத்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

"இது எங்கட கடல் இல்லைத்தானே?"

முதலாவது பதில் இது. இப்பதிலைச் சொல்ல உலகில் எவருக்கு உரிமை இருந்தாலும் எமக்கு இல்லை. போர் ஓய்ந்து எம்மக்கள் மீண்டும் வள்ளம் இறக்கிய வேளையில், பாக்கு நீரிணையின் அடித்தளத்தை இழுவைப்படகுகள் வாரிக்கொண்டிருந்தன. அவற்றைச் செலுத்தி வந்தோரும் தமிழர்களே. அறுந்துபோன வலைகளையும் வெறுமையாகிப் போன கடலடியையும் எண்ணி நாம் எழுதாத கட்டுரையில்லை. கொடுக்காத மனு இல்லை. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் அடித்தள இழுவை மீன்பிடி சட்டத்தால் தடைசெய்யப்பட்டபோது அதனை எம் மீனவரின் வெற்றி என்று கொண்டாடினோம். அடுத்தவன் எமது கடலை "இன்றைக்கு அள்ளு, நாளைக்கு அவன் பாடு" என்று நடத்தியது அநீதி என்றால், நாம் அடுத்தவன் கடலை அவ்வாறு நடத்துவதற்கு என்ன பெயர்?

இன்னுமொன்றையும் நினைவூட்டுவோம். மன்னார்க் கடலில் முத்துக் குளிப்பு நடந்த காலங்களில், சிலாவத்துறைக் கரைக்கு எம்மவரோடு சேர்ந்து மூழ்குவதற்கு அரபுக் கடலோடிகளும் வந்து போனார்கள். அவர்களின் வழித்தோன்றல்களின் கரையிலேயே இன்று நாம் நிற்கின்றோம். அளவின்றி எடுத்தால் என்ன ஆகும் என்பதை மன்னாரின் முத்துப் பார்கள் காட்டின. 1905ஆம் ஆண்டில் கோடிக்கணக்கான சிப்பிகள் அள்ளப்பட்டன. மறு ஆண்டு அப்பார்கள் ஓர் ஆங்கில நிறுவனத்திற்கு நீண்ட காலக் குத்தகைக்கு விடப்பட்டன. சில ஆண்டுகளிலேயே எடுப்பதற்கு ஒன்றும் இல்லாமற் போயிற்று. கடலிடம் கடன் வாங்கலாம். திருப்பிக் கொடுக்காமல் இருக்க முடியாது.

"ஒரு மீன்தானே?"

இது இரண்டாவது பதில். ஒரு மீன்தான். ஆனால் அக்கற்கட்டில் அன்றிரவு எத்தனை தூண்டில்கள் இருந்தன? அபுதாபியிலும் டுபாயிலும் அஜ்மானிலும் மஸ்கற்றிலும் தோஹாவிலும் எத்தனை?

வளைகுடாக் கடல் ஆழமற்றது; அதன் சராசரி ஆழம் ஏறத்தாழ 35 மீற்றர்தான். பெருங்கடலைவிட உப்பு மிகுந்தது. கோடையில் அதன் மேற்பரப்பு நீர் 35 பாகை செல்சியசைத் தொடுகின்றது. 1991ஆம் ஆண்டின் போரில் பல மில்லியன் பீப்பாய் எண்ணெய் அதனுட் கொட்டப்பட்டு, சவூதிக் கரை நூற்றுக்கணக்கான கிலோமீற்றர்களுக்குக் கறுத்துப் போயிற்று. 2008, 2009ஆம் ஆண்டுகளில் செங்கடற்பெருக்கு எனப்படும் பாசிப் பெருக்கம் ஓமான் கரையிலும் அமீரகக் கரையிலும் பரவி மீன்களைக் கொன்றது. கடல்நீரைக் குடிநீராக்கும் சில நிலையங்களையும் மூட வைத்தது. எம் குழந்தைகள் குடிக்கும் நீரும் இக்கடலிலிருந்தே வருகின்றது என்பதை அப்பொழுது பலர் முதன்முறையாக உணர்ந்தார்கள்.

இத்தகைய கடலில் மீன்வளம் என்ன ஆயிற்று? அபுதாபிக் கடலில் அடித்தள மீன்களின் இருப்பு, 1978ஆம் ஆண்டின் கணிப்போடு ஒப்பிடுகையில் 81 சதவீதம் வீழ்ந்துவிட்டது என்று 2002ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியது. அதில் பெரும்பங்கு பெருந்தொழிலின் வேலை என்பது உண்மையே. எனினும், ஹமூர் மீனின் இயல்பை அறிந்தவர்கள் "ஒரு மீன்தானே" என்று சொல்ல மாட்டார்கள். கலவாய்கள் பெண்ணாக வளர்ந்து முட்டையிட்டு, பல ஆண்டுகள் சென்ற பின்னரே அவற்றுட் சில ஆணாக மாறுகின்றன. சிறியதைப் பிடித்தால் ஒருமுறையேனும் முட்டையிடாத தாயைப் பிடித்தவராவோம். பெரியவற்றையே தேடிப் பிடித்தால் ஆண் மீன்களை அருகச் செய்தவராவோம். வேறு மீன்களை அள்ளுவதுபோல் இதனை அள்ளினால் இரு பக்கமும் அழிவு.

கடலுக்கு ஓய்வு கொடுத்தால் அது தன்னைத் தேற்றிக்கொள்ளும் என்பதற்கும் இங்கேயே சான்று உண்டு. கம்பியாற் பின்னிய கவிகை வடிவக் கூடுகளை இங்கு 'கர்கூர்' என்பார்கள். எம்மூர் மீன்கூட்டின் பெரிய அண்ணன் என்று சொல்லலாம். அறுந்துபோன கர்கூர் கடலடியிற் கிடந்து, எவருக்கும் பயனின்றி மீனைப் பிடித்துக் கொன்றுகொண்டே இருக்கும். 2019ஆம் ஆண்டில் அபுதாபி இக்கூடுகளைத் தடைசெய்தது. அதன் பின்னரான ஆண்டுகளில் மீன்வள நிலைபேற்றுச் சுட்டெண் பன்மடங்கு உயர்ந்துள்ளதாக அபுதாபி சுற்றாடல் முகவரகம் அறிவித்தது. விட்டால் மீளும், விடாவிட்டால் மீளாது.

"எங்கட அப்பு, பாட்டன் இப்படியெல்லாம் பார்த்தவையோ?"

மூன்றாவது பதில் இது. எமது பதில்: பார்த்தார்கள். கரைவலை இழுக்கும் இடங்களுக்குப் பாடு என்று முறை வைத்து, ஒருவர் முறையில் இன்னொருவர் வலை இறக்காமல் வாழ்ந்தவர்கள் அவர்கள். அகப்பட்டதில் எதனையும் அவர்கள் மணலில் எறிந்துவிட்டுப் போகவில்லை. கறிக்கு மிஞ்சியது கருவாடு ஆயிற்று. அதற்கும் உதவாதது தென்னைக்கு உரமாயிற்று. இன்று எமது கற்கட்டுகளில் காண்பது என்ன? கெளிறும் பேத்தையும் சிறு திருக்கையும் "உதவாத மீன்" என்று தரையில் எறியப்பட்டு, செவுள் திறந்து மூடத் துடித்துச் சாகின்றன. தூண்டிலிலிருந்து கழற்றும் சிரமத்திற்காகவோ, இனியும் வந்து இரையைத் தின்னும் என்ற கோபத்திற்காகவோ இது செய்யப்படுகின்றது. எம் பாட்டன்மார் கண்டிருந்தால் முகத்தைத் திருப்பியிருப்பார்கள்.

சீலாவும் அதன் தூரத்துச் சாயலும்

இனி, செய்ய வேண்டியதைச் சொல்வோம். சீலா மீனை எடுத்துக்கொள்வோம். இக்கரைகளில் தூண்டிலுக்கு வருவது, பற்கள் கொடியது, பிடிப்பவன் கையையும் கிழிப்பது. இதனைச் சரியாகக் கையாளப் பழகியவனுக்கு மற்றவை எளிது.

ஐரோப்பாவிலும் கனடாவிலும் வாழும் எம் உறவினர் ஏரிகளில் பிடித்துப் படம் அனுப்பும் நீண்ட மூக்கு மீனொன்று உண்டு. ஆங்கிலத்தில் 'பைக்', யேர்மன் மொழியில் 'ஹெக்ற்' என்பார்கள். அது நன்னீர் மீன். சீலாவுக்கு இனவழி உறவில்லை. ஆனால் உருவமும் குணமும் அச்சொட்டாக ஒன்றே. இரண்டும் அசையாது நின்று பார்த்திருந்து, அம்புபோற் பாய்ந்து கவ்வுபவை. அங்குள்ள எம் பிள்ளைகள் தூண்டில் எடுக்க முன்னர் படிக்க வேண்டியிருக்கின்றது. யேர்மனியில் பெரும்பாலான மாநிலங்களில் பரீட்சை எழுதித் தேறினாற்றான் அனுமதி. பிடித்த மீனை உணர்விழக்கச் செய்த பின்னரே கொல்ல வேண்டும் என்பதும் அங்கு சட்டம். சுவிற்சர்லாந்திலோ, திரும்ப விடும் நோக்கத்தோடு வெறும் விளையாட்டாக மீன் பிடிப்பதே தடை. உண்பதற்காகப் பிடி, அளவு குறைந்ததை விடு, இரண்டையும் துன்பமின்றிச் செய் என்பதே அச்சட்டங்களின் சாரம். இதைக் கேட்கும்போது வெள்ளைக்காரனின் விசித்திரம் போலத் தோன்றலாம். எம் பாட்டன்மாரின் வழக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அவ்வளவு தூரமில்லை.

சீலா கண்ணால் வேட்டையாடும் மீன். விடியற் கருக்கலிலும் மாலை மங்கலிலும், நீரோட்டம் திரும்பும் வேளையில் கரையை நெருங்கும். மினுங்கும் போலி இரையையோ சூடை மீனையோ ஒரே சீராக இழுக்காமல், சற்று நிறுத்தி, சற்று வேகமாக இழுத்தால் பாயும். அதன் பற்கள் தங்கூசியை ஒரே கடியில் அறுத்துவிடும். ஆகவே தூண்டிலுக்கு மேலே ஒரு சாண் அளவு உருக்குக் கம்பி கட்டுவது அவசியம். பலர் இதனை மீன் தப்பாதிருக்கச் செய்யும் உபாயமாக மட்டுமே எண்ணுகின்றனர். கம்பி இல்லாவிடில் அறுத்துக்கொண்டு ஓடும் மீனின் வாயில் தூண்டில் தங்கிவிடும். தப்பியதும் பிழைக்கும் என்பது உறுதியில்லை.

மூன்று முனைத் தூண்டிலைத் தவிர்த்து ஒற்றை முனையையே பயன்படுத்துங்கள். முனையிற் பின்னோக்கி நிற்கும் சிறு முள்ளைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கிவிட்டால் கழற்றுவது நொடிப் பொழுது வேலை; உங்கள் விரலிலேயே ஏறிவிட்டாலும் வைத்தியசாலைக்கு ஓட வேண்டியிராது. தங்கூசியைத் தளரவிடாமல் இழுத்தால் மீன் எளிதிற் கழன்றும் போகாது. கலவாய்க்கும் விளைமீனுக்கும், முனை உள்நோக்கி வளைந்த வட்டத் தூண்டில் நல்லது. அது தொண்டைக்குள் இறங்காமல் பெரும்பாலும் வாயோரத்திலேயே மாட்டும். அத்தூண்டிலுக்கு வெட்டி இழுக்கக் கூடாது. மீன் தானே இழுத்துப் போகும்போது மெல்ல இறுக்கினாற் போதும்.

மெல்லிய தங்கூசியில் மீனை அரை மணித்தியாலம் அலைக்கழிப்பது வீரமன்று. வெந்நீர் போன்ற கோடைக் கடலில் மீனுக்கு மூச்சுக் காற்று குறைவு. ஓடிக் களைத்த மீன் விட்ட பின்னரும் இறந்துபோகும். போதிய தடிப்புள்ள தங்கூசி போட்டு விரைவில் கரைக்குக் கொண்டு வாருங்கள். உயரமான கட்டிலிருந்து தங்கூசியாலேயே தூக்கினால் மீனின் தாடை பிய்ந்துவிடும். நீண்ட கயிற்றிற் கட்டி இறக்கும் வளைய வலை ஒன்றைப் பலர் சேர்ந்து வாங்கி வைத்திருக்கலாம்.

மீனைத் தொடுமுன் கையைக் கடல்நீரில் நனையுங்கள். மீனின் உடலில் உள்ள வழும்பு அதற்கு மேற்சட்டை போன்றது. உலர்ந்த கையும் துணியும் சுடும் சீமெந்தும் அதனை உரித்துவிடும். பின்னர் அதன் உடலிற் கிருமி ஏறும். ஒரு கை வாலுக்கு முன்னே, மறு கை வயிற்றின் கீழே கொடுத்து, படுக்கை வாட்டில் தாங்குங்கள். செவுளுக்குள் விரல் விட்டுத் தூக்குவது ஒரு மனிதனை நுரையீரலிற் பிடித்துத் தூக்குவதற்கு ஒப்பானது. வாலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் படம் எடுப்பதும் கூடாது. நீரிற் கிடக்கும் மீனின் எடையை நீர் தாங்குகின்றது. வெளியில் அதன் குடலும் முள்ளெலும்பும் அந்த எடையைத் தாங்க அமைந்தவையல்ல.

சீலாவின் வாய்க்குள் விரல் போக வேண்டாம். நீண்ட மூக்குக் குறடு இல்லாமல் இம்மீனைப் பிடிக்கப் புறப்படவே கூடாது. தூண்டிலைப் புகுந்த வழியே திருப்பி எடுங்கள். தொண்டையில் ஆழ இறங்கியிருந்தால் இழுக்காமல், தங்கூசியை இயன்றவரை வாயோரமாக வெட்டிவிடுங்கள். ஆழ இறங்கிய தூண்டிலோடு விடப்படும் மீன்களுட் பல பிழைக்கின்றன. குடலோடு பிடுங்கப்பட்டவை பிழைப்பதில்லை. இவ்வளவும் நடக்கும் நேரம், நீங்கள் மூச்சை அடக்கி நிற்கக்கூடிய நேரத்தைத் தாண்டக் கூடாது. மூச்சு முட்டினால் மீனுக்கும் முட்டுகின்றது.

விடுவது என்பது வீசுவதன்று. படிக்கட்டு உள்ள இடத்தில் இறங்கி, மீனின் முகம் நீரோட்டத்தை நோக்கி இருக்க, வயிற்றைத் தாங்கியவாறு நீருக்குள் பிடியுங்கள். செவுள் திறந்து மூடும்; வால் அசையும்; பிறகு உங்கள் கையை உதறிக்கொண்டு தானே போகும். அப்போதுதான் "விட்டாச்சு" என்று சொல்லலாம். இறங்க வழியில்லாத கட்டாயின் வளைய வலையிலேயே வைத்து நீருக்குள் இறக்குங்கள். படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் இன்னொன்றை அறிய வேண்டும். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வரும் கலவாயின் காற்றுப்பை விரிந்து வயிறு ஊதிவிடும். சில வேளை இரைப்பை வாய்வழியே வெளியே தள்ளும். அதனைக் குத்துவதும் உள்ளே தள்ளுவதும் கொல்வதற்குச் சமம். ஈயக்குண்டின் துணையோடு அதனை மீண்டும் ஆழத்திற்கு இறக்கி விடுவதே முறை.

கறிக்கு வைப்பதாயின், உடனே கொல்லுங்கள். கண்களுக்குச் சற்றுப் பின்னே தலையிற் கட்டையால் ஓங்கி ஓர் அடி. பின்னர் செவுளோரம் வெட்டிக் குருதி வடித்து, பனிக்கட்டியில் வையுங்கள். வாளிக்குள் துடிதுடித்துச் செத்த மீனை விட இவ்வாறு செத்த மீனின் தசை உறுதியாகவும் சுவையாகவும் இருக்கும். கருணையும் கறியின் சுவையும் ஒரே பக்கத்தில் நிற்கும் அரிய இடம் இது. பெருத்த சீலாவைக் கறிக்கு வைக்காமல் விடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. பவளப்பாறைக் கடல்களில் வாழும் பெரிய சீலாவின் தசையிற் சில வேளைகளில் ஒரு நஞ்சு சேர்ந்திருக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. பேத்தையை எவரும் எக்காரணங்கொண்டும் சமைக்க வேண்டாம். கெளிற்றின் முள் குத்தினால், பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் அவ்விடத்தை அமிழ்த்தி வைத்து, வைத்தியரை நாடுங்கள்.

சட்டமும் எம் நிலையும்

ஐக்கிய அரபு இராச்சியத்தில் பொழுதுபோக்காக மீன் பிடிப்பதற்கும் அனுமதிப் பத்திரம் தேவை. அப்பத்திரத்தைக் கொண்டு பிடித்த மீனை விற்கக் கூடாது. 1999ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கக் கூட்டாட்சிச் சட்டம் நீர்வாழ் உயிர்வளங்களைப் பாதுகாப்பதற்கென்றே இயற்றப்பட்டது. ஹமூர் 45 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் வைத்திருக்கக் கூடாது; நாம் அறுக்குளா என்றும் இவர்கள் 'கனாத்' என்றும் சொல்லும் மீனுக்கு 65 சென்ரிமீற்றர். விளைமீன் வகையான ஷேரிக்கும், ஒரா வகையான சாபிக்கும் அவை முட்டையிடும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் தடை விதிக்கப்பட்டு வந்துள்ளது. ஓமானில் ஓகஸ்ற் 15 முதல் ஒக்ரோபர் 15 வரை அறுக்குளா பிடிக்கத் தடை. கட்டாரில் அதே காலத்தில் அதனை வலையாற் பிடிக்கத் தடை. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு திருத்தப்படுகின்றன. ஆகவே பருவத் தொடக்கத்தில் விசாரித்து அறிந்துகொள்வது எமது கடமை.

எமது நிலையை இங்கு மறந்துவிடலாகாது. தண்டப்பணம் கட்டினால் முடிந்துவிடும் என்று இந்நாட்டவர் நினைக்கலாம். வேலையோடு பிணைக்கப்பட்ட விசாவில் வாழ்பவனுக்கு, திரும்பிப் போக வீடில்லாதவனுக்கு, எந்தச் சிறு குற்றமும் சிறு குற்றமன்று. ஒரு சாண் மீனுக்காக ஒரு குடும்பத்தின் சோற்றைப் பணயம் வைப்பதா? ஆனாலும் இதனை அச்சத்தினால் மட்டும் செய்யுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அச்சத்தினாற் செய்பவன் காவலர் இல்லாத இரவில் வேறு மாதிரி நடப்பான்.

என் செய்யலாம்?

பெரிய சங்கமோ கூட்டமோ இதற்குத் தேவையில்லை. அளவுகோல் இல்லை என்று எவரும் சொல்ல வேண்டாம். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு முழம். ஏறத்தாழ அதே 45 சென்ரிமீற்றர். ஒரு முழத்திற்குக் குறைந்த கலவாய் கடலுக்குச் சொந்தம். கையின் நீளம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், தூண்டிற் கம்பிலேயே 45இலும் 65இலும் நிற நாடா ஒட்டிவிடுங்கள். ஐயமென்றால் விட்டுவிடுங்கள். அறுந்த தங்கூசியைக் கடலில் எறியாமல் ஒரு வெற்றுப் போத்தலில் சுருட்டி அடைத்து வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். நீர்க்காகத்தின் காலிலும் ஆமையின் கழுத்திலும் சுற்றிக்கொள்ளும் தங்கூசி, அறுத்தெறிந்தவன் மறந்த பின்னரும் நீண்ட காலம் இறுக்கிக்கொண்டிருக்கும்.

தாய்மாருக்கும் ஒரு வேண்டுகோள். சந்தையில் மலிவாகக் கிடக்கும் கலவாய்க் குஞ்சை வாங்காதீர்கள். வாங்க ஆள் இல்லாவிட்டால் பிடிக்கவும் ஆள் இல்லாமற் போவான். ஊரில் கடற்றொழில் செய்த பெரியவர்களே, உங்களுக்குத் தெரிந்ததை அறைச் சுவர்களுக்குச் சொல்லிக்கொண்டிராமல் கற்கட்டுக்கு வந்து இளையோருக்குக் காட்டிக் கொடுங்கள். காற்றையும் நீரோட்டத்தையும் நிலவின் வளர்பிறை தேய்பிறையையும் அறிந்த தலைமுறை உங்களோடு முடிந்துவிடக் கூடாது.

எம் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்க நிலமில்லை; வள்ளமில்லை; பல வேளைகளில் ஊரின் பெயரைத் தவிர வேறொன்றுமில்லை. ஆனால் ஈரக் கையால் ஒரு மீனைத் தாங்கி, அது தானே நீந்திப் போகும்வரை காத்திருக்கும் பழக்கத்தை எந்தக் கரையில் நின்றும் கொடுக்கலாம். நாளை அவர்கள் பேசாலைக்குத் திரும்பினாலும், ஒன்ராறியோவின் ஏரிக்கரையில் வாழ்ந்தாலும் அப்பழக்கம் கூடவே போகும். அன்று சார்ஜாக் கற்கட்டில் அந்தப் பையன் கேட்டது சரியான கேள்வி. அடுத்த முறை அவன் கேட்கும்போது, அவனுடைய தந்தை படிக்கட்டில் இறங்கி, கையை நீரில் நனைத்துக்கொள்வார் என்று நம்புகின்றோம்.